நானோ தொழில்நுட்பத்தை இளநிலைப் பொறியியல் மாணவர்களுக்கு எப்படி நடத்துவது?

கேள்வி: உலோகவியல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைவு பெற்ற தனியார் கல்லூரி ஒன்றில், இயந்திரவியல் துறையில் பணிபுரிகிறேன். நான் படித்தது உலோகவியல். வரும் பருவத்தில் நானோ அறிவியலின் அடிப்படைகள் என்னும் விருப்பப் பாடத்தை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இயந்திரவியல், மின்னணுவியல், கட்டடவியல் ஆகிய மூன்று துறை மாணவர்களும் ஒரே வகுப்பில் அமர்வார்கள். பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகளும் 45 பாடவேளைகளும் உள்ளன. அறிமுகம், தயாரிப்பு முறைகள், நானோ பொருட்கள், பண்பறியும் கருவிகள், பயன்பாடுகள் என்று அது வரிசையாகச் செல்கிறது.

துறையில் இருக்கும் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். பந்து அரைவை, சோல்-ஜெல், வேதி ஆவிப் படிவு, மின்படிவு என்று முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், நான்கு நன்மைகள், மூன்று குறைகள். அடுத்த அலகில் கருவிகளும் அதே ஒழுங்கில் வருகின்றன. இதே பாடத்தை எடுத்துத் தேர்ச்சி பெற்ற மாணவர்கள் சிலரிடம் பேசியபோது, 1 முதல் 100 நானோமீட்டர் வரை என்ற வரையறையை அவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள் என்பது தெரிந்தது. ஆனால் அந்த 100 எங்கிருந்து வந்தது, 150 நானோமீட்டர் துகளுக்கு என்ன குறை என்று கேட்டால் ஒருவரிடமும் விடை இல்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. குறிப்புகளிலும் விடை இல்லை.

என் ஐயங்கள் இவை. முதலாம் ஆண்டு இயற்பியலும் வேதியியலும் மட்டுமே படித்துவிட்டு வரும் கட்டடவியல் மாணவருக்குக் குவாண்டம் இயற்பியலை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும்? மின்னணு நுண்ணோக்கி இல்லாத, நிறமாலைமானி ஒன்று மட்டுமே உள்ள கல்லூரியில் செய்முறையாக எதையாவது காட்ட முடியுமா? டமாஸ்கஸ் வாள், கீழடிப் பானை ஓடு என்று வரலாற்றிலிருந்து தொடங்குவது பயன் தருமா, அல்லது அது நேரத்தைத் தின்றுவிடுமா? இப்பாடத்தை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: இயற்பியல் துறை ஆசிரியர்

வணக்கம் ஐயா. மாணவர்களிடம் நீங்கள் கேட்ட "100 எதற்கு" என்ற கேள்வியையே முதல் வகுப்பின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 100 என்பது வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லை. இயற்கை அங்கே கோடு எதுவும் போடவில்லை. ஒவ்வொரு பண்புக்கும் அதற்கே உரிய ஒரு நீளம் உண்டு. பொருளின் அளவு அந்த நீளத்தை நெருங்கும்போதுதான் அந்தப் பண்பு மாறத் தொடங்குகிறது. இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டு ஐந்து அலகுகளையும் நடத்திவிடலாம் என்பது என் துணிபு. இதை விட்டுவிட்டால் எஞ்சுவது நீங்கள் சொன்ன பட்டியல்தான்.

செம்பில் எலக்ட்ரான் ஒன்று மோதலின்றிச் செல்லும் சராசரித் தூரம், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 40 நானோமீட்டர். சில்லுக்குள் ஓடும் செம்புக் கம்பியின் அகலம் அதற்குக் கீழே போனால், எலக்ட்ரான்கள் கம்பியின் சுவரிலும் படிக எல்லைகளிலும் மோதிச் சிதறுவதால் மின்தடை எண் கூடிவிடும். அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறு ஒன்று மோதலுக்கும் மோதலுக்கும் இடையே செல்லும் தூரம் 70 நானோமீட்டரை ஒட்டியது. சிலிக்கா ஏரோஜெல் என்னும் நுண்துளைத் திடப்பொருளின் துளைகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. ஆகவே துளைக்குள் இருக்கும் மூலக்கூறுகள் தம்முள் மோதுவதைவிடச் சுவரில் மோதுவதே மிகுதி. அசைவற்ற காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.026 வாட் என்றால், நல்ல ஏரோஜெல்லுக்கு அது 0.015 வாட் அளவில் இருக்கிறது. காற்றைவிடக் குறைவாக வெப்பம் கடத்தும் திடப்பொருள் ஒன்று உண்டு என்று சொன்னால் இயந்திரவியல் மாணவரும் கட்டடவியல் மாணவரும் நிமிர்ந்து உட்காருவார்கள். காட்மியம் செலினைடு என்னும் குறைகடத்தியில், எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும் (இதற்கும் 'துளை' என்றே பெயர்) இணையாக நிற்கும் தூரம் ஐந்தாறு நானோமீட்டர். அதனால்தான் அந்தத் துகள் சிறிதாகச் சிறிதாக அதன் ஒளி சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கிப் போகிறது. 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்தக் குவாண்டம் புள்ளிகளுக்கு வழங்கப்பட்டதால், மாணவர்கள் செய்தியிலாவது கேள்விப்பட்டிருப்பார்கள்.

மின்னணுவியல் மாணவர்களுக்கு மட்டும் ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கி, டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடு (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் 'கேட்' முனைக்கு அடியில் உள்ள மின்காப்புப் படலம்) கதையைச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே படித்த மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டருக்குள்ளேயே நானோ அறிவியல் ஒளிந்திருப்பதை அது காட்டும். கேட்டுக்கும் சிலிக்கனுக்கும் இடையே இருந்த சிலிக்கன் டை ஆக்சைடுப் படலத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை மெலிதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் 1.2 நானோமீட்டரில் நின்றார்கள். அது ஏறக்குறைய ஐந்து அணு அடுக்குகள். அந்தத் தடிமனில் எலக்ட்ரான்கள் படலத்தின் ஊடாகவே டன்னலிங் முறையில் (தடையைத் தாண்ட ஆற்றல் இல்லாமலே அதை ஊடுருவி) கசிந்துவிடுகின்றன. தடிமன் 0.2 நானோமீட்டர் குறைந்தால் கசிவு சுமார் பத்து மடங்கு கூடும். இதற்கு மேல் மெலிதாக்க வழியில்லாமல், 2007-இல் இன்டெல் நிறுவனம் தன் 45 நானோமீட்டர் தலைமுறையில் ஹாஃப்னியம் சார்ந்த ஆக்சைடுக்கு மாறியது. இங்கே மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சிலிக்கன் டை ஆக்சைடின் மின்காப்பு மாறிலி 3.9, ஹாஃப்னியம் ஆக்சைடுக்கு 20 என்று வைத்துக்கொள்ளலாம். மின்தேக்குத்திறன் மாறாமல் இருக்க வேண்டுமானால் படலம் எவ்வளவு தடிமனாக இருக்கலாம்? ஆறு நானோமீட்டருக்குச் சற்று மேல் என்று விடை வரும். அதே மின்தேக்குத்திறன், ஐந்து மடங்கு தடிமன், கசிவோ பல படி குறைவு. முதலாம் ஆண்டு மின்தேக்கிச் சூத்திரத்தைத் தவிர இந்தக் கணக்குக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். "3 நானோமீட்டர் சில்லு" என்று விளம்பரத்தில் வருவது வணிகப் பெயர் மட்டுமே. அந்தச் சில்லில் ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்கு உள்ள தூரம் 40 நானோமீட்டருக்கும் மேல்.

குவாண்டம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல் சூத்திரம் ஒன்று போதும். அதைத் தருவிக்கக்கூட வேண்டாம். எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு நானோமீட்டர் அகலப் பெட்டியில் எலக்ட்ரானின் தாழ்ந்த ஆற்றல் 0.38 எலக்ட்ரான் வோல்ட். பத்து நானோமீட்டர் பெட்டியில் அதில் நூற்றில் ஒரு பங்கு. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் எந்த அகலத்தில் சமமாகின்றன என்று கேளுங்கள். நான்கு நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். குவாண்டம் விளைவு ஏன் சில நானோமீட்டர்களில் தலைகாட்டுகிறது என்பதைக் கட்டடவியல் மாணவரும் தம் கையாலேயே கணக்கிட்டுத் தெரிந்துகொள்வார். அலைச் சமன்பாட்டைப் பலகை முழுவதும் எழுதி, வகுப்பில் பாதிப்பேரை இழப்பதைவிட இது மேல்.

வரலாற்றுக்குப் பத்து நிமிடங்கள் போதும். டமாஸ்கஸ் வாளில் கரி நானோ குழாய்களைக் கண்டதாக 2006-இலும், கீழடிப் பானைகளின் உட்பூச்சில் கண்டதாக 2020-இலும் ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்தன. இரண்டும் சுவையான செய்திகள். ஆனால் உலையையும் சூளையையும் நன்கறிந்த கைவினைஞர்கள் அளவைக் கட்டுப்படுத்தி அவற்றைச் செய்யவில்லை. பொறியாளருக்கு வேண்டியது அந்தக் கட்டுப்பாடு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் நம் முன்னோர் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் வகுப்பில் கைதட்டல் கிடைக்கும், பாடம் நடந்திருக்காது.

மறுமொழி 2: வேதியியல் துறை ஆசிரியை

மேலே ஐயா சொன்ன நீளக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் அவர் மேற்பரப்பை விட்டுவிட்டார். வேதியியல் தரப்பில் அதுதான் முதல் பாடம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6000 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். அடுத்து, 3 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகளில் எத்தனை அணுக்கள் இருக்கும் என்று மதிப்பிடச் சொல்லுங்கள். சுமார் 800 வரும். அவற்றில் ஏறக்குறைய பாதி மேற்பரப்பிலேயே நிற்கின்றன. பாதி அணுக்களுக்கு ஒரு பக்கம் அண்டை அணு இல்லை என்பது புரிந்துவிட்டால், 1064 டிகிரி செல்சியசில் உருகும் தங்கம் இந்த அளவில் ஏன் பல நூறு டிகிரி முன்னதாகவே உருகுகிறது என்பதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

செய்முறைக்குத் தங்கக் கூழ்மத்தை, அதாவது நீரில் பரவி நிற்கும் தங்க நுண்துகள்களை, பரிந்துரைக்கிறேன். "தங்கமா?" என்று அலுவலகத்தில் புருவம் உயரும், கணக்கைக் காட்டுங்கள். ஒரு தடவைக்குத் தேவைப்படுவது ஒரு மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலக் கரைசல் 20 மில்லிலிட்டர். அதில் இருக்கும் அந்தத் தங்கச் சேர்மம் 8 மில்லிகிராம்தான். ஒரு கிராம் வாங்கினால் நூறு தடவைக்கு மேல் வரும். கரைசலைக் காந்தக் கலக்கியுடன் கூடிய சூடேற்றியில் கொதிக்கவிட்டு, ஒரு விழுக்காடு டிரைசோடியம் சிட்ரேட் கரைசலில் 2 மில்லிலிட்டரை ஒரே வீச்சில் சேர்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் முதலில் நிறமற்றுப் போகும். பிறகு கருநீலச் சாயல் படரும். அது ஊதாவாகி, சில நிமிடங்களில் திராட்சை மது நிறச் சிவப்பில் வந்து நிற்கும். துகள்கள் பத்து முதல் இருபது நானோமீட்டர் வரை இருக்கும். 1951-இல் டர்கெவிச் குழுவினர் ஆராய்ந்து எழுதிய முறை இது. 1857-இலேயே ஃபாரடே இந்தச் சிவப்பு நுண்ணிய தங்கத்தால் வருவது என்று சொல்லிவிட்டார்.

பலரும் இந்த இடத்தில் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு வகுப்பை முடித்துவிடுகிறார்கள். பாடமே இனிமேல்தான் தொடங்குகிறது. கூழ்மத்தை இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்து, ஒன்றில் சமையல் உப்புக் கரைசலும் மற்றொன்றில் சர்க்கரைக் கரைசலும் சில துளிகள் விடச் சொல்லுங்கள். உப்பு விட்டது உடனே நீலமாகும். சர்க்கரை விட்டது சிவப்பாகவே இருக்கும். ஏன்? சிட்ரேட்டின் எதிர்மின்னேற்றம்தான் துகள்களை ஒன்றையொன்று அண்டவிடாமல் விலக்கி வைத்திருந்தது. உப்பின் அயனிகள் அந்த விலக்கத்தை மறைத்துவிட்டதால் துகள்கள் திரண்டன. சர்க்கரையில் அயனி இல்லை. இந்த ஒரே சோதனையில் உறுதிப்பாடு, மேற்பரப்பு மின்னேற்றம், நிறத்துக்கும் துகள்களின் நெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு ஆகிய மூன்றும் கிடைத்துவிடுகின்றன. வீட்டில் பயன்படுத்தும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தோன்றும் செந்நிறக் கோடும் பெரும்பாலும் இதே தங்கத் துகள்தான் என்பதையும் சொல்லலாம்.

உங்களிடம் நிறமாலைமானி இருப்பதால் இரண்டையும் அளந்து வரையச் சொல்லுங்கள். சிவப்புக் கூழ்மத்தின் உச்சி 520 நானோமீட்டரை ஒட்டி வரும். திரண்டதன் உச்சி அகன்று, 600-ஐத் தாண்டிச் சாயும். கூழ்மத்தை ஐந்து மடங்காவது நீர்த்துத்தான் வைக்க வேண்டும்; அப்படியே வைத்தால் உட்கவர்தல் எல்லை மீறி, உச்சி வெட்டியது போலத் தட்டையாகத் தெரியும்.

கண்ணாடிக் கலங்கள் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். இராஜ திராவகத்தால் கழுவும் வேலையை ஆய்வக உதவியாளரோ ஆசிரியரோ முன்னதாகவே புகைப்போக்கி அறைக்குள் முடித்து வைத்துவிட வேண்டும். மாணவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

மறுமொழி 3: தேர்வுப் பணியில் இருப்பவர்

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தன்னாட்சி பெறாத கல்லூரியில் வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. "சோல்-ஜெல் முறையைப் படத்துடன் விளக்குக" என்று 13 மதிப்பெண்ணுக்குக் கேட்டால், மாணவர் கேட் ஆக்சைடு கணக்கை எழுதிவிட்டு வர முடியாது. பட்டியல் அலுப்பூட்டுகிறது என்பதற்காக அதைக் கைவிட்டால், நட்டம் ஆசிரியருக்கு அல்ல, மாணவருக்கு.

நான் செய்வது இதுதான். தயாரிப்பு முறைகளைப் பலகையில் நடத்துவதில்லை. ஆளுக்கொரு முறையைக் கொடுத்துவிடுவேன். அந்த முறையில் எந்த அளவுத் துகள் கிடைக்கும், அளவு எவ்வளவு சீராக இருக்கும், ஒரு நாளில் கிராமா கிலோவா, மாசு எங்கிருந்து புகும் ஆகிய நான்கு கேள்விகளுக்கு மட்டும் விடையோடு வரச் சொல்வேன். பந்து அரைவையில் கிலோக் கணக்கில் பொடி கிடைக்கும், ஆனால் பந்தின் இரும்பும் கூடவே வரும் என்று மாணவரே சொல்லும்போது, நன்மையும் குறையும் மனப்பாடம் செய்யாமலே நினைவில் தங்கிவிடுகின்றன. தேர்வில் வரையக்கூடிய படங்களுக்குக் கடைசி வாரத்தில் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கினால் போதும்.

உலோகவியல் ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. உப்பு-சர்க்கரைச் சோதனை எனக்குப் புதிது, கட்டாயம் செய்யப்போகிறேன். நான்கு கேள்வி முறையையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். என் துறைப் பாடத்திலிருந்து ஹால்-பெட்ச் தொடர்பையும் முதல் அலகிலேயே சேர்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. படிகத் துணுக்கு சிறுத்தால் உலோகத்தின் வலிமை கூடும், ஆனால் பத்து இருபது நானோமீட்டருக்குக் கீழே அந்த விதி தளர்ந்துவிடும் என்பது முதல் மறுமொழியில் சொன்ன "பண்புக்கு உரிய நீளம்" என்பதற்கு நல்ல சான்று.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்பாடத்தை எடுக்கும் மாணவர்கள் அதையே இறுதியாண்டுத் திட்டப்பணியாகவும் தொடர விரும்புகிறார்கள். இயந்திரவியலில் ஆண்டுதோறும் யாராவது ஒரு குழு நானோ திரவத்தை (நானோ துகள் கலந்த குளிர்விப்புத் திரவத்தை) ரேடியேட்டரில் ஊற்றுகிறது. வேறொரு குழு வேப்பிலைச் சாற்றில் வெள்ளித் துகள் செய்கிறது. வெளியிலிருந்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) வரைபடம் வருகிறது. ஏதோ ஓர் எண்ணைக் கணக்கிட்டு அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். இவற்றை எப்படி நெறிப்படுத்துவது?

மறுமொழி 4: வெப்பவியல் ஆய்வாளர்

நானோ திரவத்தில் ஆய்வு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தத் தலைப்பு இளநிலை மாணவருக்கு மிகவும் ஏற்றது, ஆனால் பெரும்பாலான அறிக்கைகளில் இருக்கும் காரணத்துக்காக அல்ல. ஒரு துறை தன் உற்சாகத்தைத் தானே சரிபார்த்துக்கொண்ட வரலாறு அதில் இருக்கிறது.

திரவத்தில் நானோ துகள்களைக் கலந்தால் அது வெப்பத்தை மேலும் நன்றாகக் கடத்தும் என்ற கருத்தை 1995-இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த சோய் முன்வைத்தார். 2001-இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரை ஒன்று, எத்திலீன் கிளைக்காலில் கனஅளவில் 0.3 விழுக்காடு செம்பு நானோ துகளைச் சேர்த்தபோது வெப்பக் கடத்துத்திறன் 40 விழுக்காடு வரை கூடியதாகச் சொன்னது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேக்ஸ்வெல் தந்த கலவைக் கோட்பாட்டின்படி, நன்கு கடத்தும் கோளத் துகள்கள் சிறிதளவு சேர்ந்தால், கனஅளவு விழுக்காட்டைப் போல் மூன்று மடங்கு விழுக்காடுதான் கூட வேண்டும், அதாவது 0.3-க்கு ஒரு விழுக்காட்டை ஒட்டி. நாற்பது எங்கே, ஒன்று எங்கே? இந்த இடைவெளியை விளக்கப் பிரௌனியன் இயக்கம் (திரவத்தில் துகள்களின் ஓயாத, ஒழுங்கற்ற அசைவு) முதல் துகளைச் சுற்றிப் படியும் திரவ அடுக்கு வரை பல விளக்கங்கள் எழுந்தன. பிறகு உலகெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டு, தனித்தனியே அளந்து, 2009-இல் முடிவைச் சேர்ந்து வெளியிட்டன. அவர்கள் எடுத்துக்கொண்ட திரவங்களில் புதிரான உயர்வு எதுவும் தென்படவில்லை. விரிவாக்கப்பட்ட மேக்ஸ்வெல் கோட்பாடே அளவீடுகளோடு நன்றாகப் பொருந்தியது.

ஆகவே, உங்கள் மாணவர் ரேடியேட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதித் தரட்டும்: மேக்ஸ்வெல் கணக்கின்படி எதிர்பார்க்கும் உயர்வு எவ்வளவு, தன் அளவியின் பிழை எவ்வளவு? கனஅளவில் ஒரு விழுக்காட்டுக்கு உயர்வு மூன்று விழுக்காடு. கல்லூரி ஆய்வகத்தில் வெப்பஇணையும் ஓட்டமானியும் சேர்ந்து தரும் பிழை அதைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தச் சோதனை எதையும் காட்டப்போவதில்லை. இன்னொரு கண்ணியும் உண்டு. கட்டுரைகளில் வருவது பெரும்பாலும் கனஅளவு விழுக்காடு. மாணவர் தராசில் நிறுப்பதோ எடை விழுக்காடு. அலுமினாவின் அடர்த்தி நீரைப்போல் நான்கு மடங்கு. ஒரு லிட்டருக்குப் பத்து கிராம் போட்டுவிட்டு ஒரு விழுக்காடு என்று எழுதினால், கனஅளவில் அது கால் விழுக்காடுதான். பாகுத்தன்மை கூடுவதால் பம்பு கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதையும் கணக்கில் சேர்த்தால், திட்டப்பணியின் முடிவே சில வேளைகளில் தலைகீழாகிவிடும். அப்படி ஆனால் அது தோல்வி அல்ல. அந்த முடிவையே அறிக்கையாக ஏற்று மதிப்பெண் தர ஆசிரியர் ஆயத்தமாக இருக்க வேண்டும். அங்கேதான் பல கல்லூரிகளில் தயக்கம். "உயர்வு கிடைத்தது" என்று எழுதினால்தான் திட்டப்பணி வென்றது என்ற எண்ணம் ஆசிரியர்களிடமே இருக்கும்வரை, மாணவர்கள் உயர்வைக் கண்டுபிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

எக்ஸ்ஆர்டிக்கு வருகிறேன். உச்சியின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சூத்திரத்தில் ஓர் எடுத்துக்காட்டை வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். வெள்ளியின் முதல் உச்சி 38.2 டிகிரியில் (வரைபடத்தில் இருப்பது இரண்டு தீட்டா; சூத்திரத்துக்கு வேண்டியது அதன் பாதியான தீட்டா), பாதி உயரத்தில் அதன் அகலம் 0.5 டிகிரி, செம்புக் கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர், வடிவ மாறிலி 0.9. அகலத்தை ரேடியனுக்கு மாற்றிப் போட்டால் ஏறக்குறைய 17 நானோமீட்டர் வரும். மாற்ற மறந்து 0.5 என்றே போட்டால் 0.29 நானோமீட்டர் வரும். வெள்ளிப் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய அமைப்பான ஓர் அலகுக் கூடே 0.41 நானோமீட்டர் என்பதால், கூட்டைவிடச் சிறிய படிகம் எப்படி இருக்க முடியும் என்று கேளுங்கள். தீட்டாவுக்குப் பதில் இரண்டு தீட்டாவைப் போட்டவருக்கு 20 வரும். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதுதான் அதிக ஆபத்தானது. கருவியே உண்டாக்கும் அகலத்தைக் கழிக்க வேண்டும் என்பதையும், கிடைப்பது படிகத் துணுக்கின் அளவே தவிரத் துகளின் அளவு அல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னால் அன்றைய வகுப்பு நிறைவாகும்.

வேப்பிலை வெள்ளியைப் பற்றி ஒரு சொல். கரைசல் பழுப்பானது என்பதை மட்டும் வைத்து நானோ துகள் உருவாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இலைச்சாறு தானாகவே காற்றுப்பட்டுப் பழுப்பாகும். வெள்ளி உப்புச் சேர்க்காத இலைச்சாற்றையும் அதே வெப்பத்தில், அதே நேரம் வைத்து, இரண்டின் நிறமாலையையும் ஒப்பிட வேண்டும். 400 முதல் 450 நானோமீட்டருக்குள் வரும் உச்சி வெள்ளி உப்புச் சேர்த்ததில் மட்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ஆர்டியில் 32.2 டிகிரியில் ஓர் உச்சி தெரிந்தால், பெரும்பாலும் அது வெள்ளி குளோரைடு. குழாய் நீரிலும் இலையிலும் உள்ள குளோரைடே காரணம். பல அறிக்கைகளில் அந்த உச்சியைப் பெயரிடாமலே விட்டுவிடுகிறார்கள்.

மறுமொழி 5: ஆய்வகப் பொறுப்பாளர்

கருவி இல்லாத கல்லூரிகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஐஐடி மெட்ராசில் உள்ள உயர்நுட்பப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளியாரின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு ஏற்றுக்கொள்கிறது. நடுவண் அரசின் ஐ-ஸ்டெம் இணையவாயிலில், எந்தக் கருவி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தேடி முன்பதிவு செய்யலாம். ஆனால் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வாங்கி வருவதற்கு மாணவரை அனுப்புவதில் பயன் குறைவு. முடிந்தால் கருவி இயங்கும்போது ஒரு மணி நேரமாவது பக்கத்தில் நிற்க இசைவு கேளுங்கள். படம் வந்ததும், கட்டணமில்லாத இமேஜ்ஜே மென்பொருளில் அளவுக்கோட்டை வைத்து, நூறு துகள்களையாவது அளந்து பரவல் வரைபடம் போடச் சொல்லுங்கள். அழகான ஒற்றைத் துகளைப் பெரிதாக்கி, அதை அறிக்கையின் அட்டையில் ஒட்டும் வழக்கம் அப்போதுதான் நிற்கும். பர்டூ பல்கலைக்கழகம் நடத்தும் நானோஹப் தளத்தில், குவாண்டம் புள்ளி, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் கணினிப் பாவனைகளை உலாவியிலேயே இலவசமாக இயக்கலாம். முதல் மறுமொழியில் உள்ள கணக்குகளுக்கு அது நல்ல துணை.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இளநிலை வகுப்பில் கூடுமானவரை உலர்ந்த நானோ பொடியைத் திறக்காதீர்கள்; நீரில் கலந்த கூழ்மமாகவே வாங்குங்கள் அல்லது செய்யுங்கள். கான்கிரீட்டுக்கு நானோ சிலிக்காவைத் தேடும் கட்டடவியல் மாணவருக்கும் கூழ்மச் சிலிக்காவே நல்லது: அது மூச்சில் போகாது, கலவையிலும் பொடியைப்போல் கட்டி தட்டாது. அதன் மேற்பரப்பு நீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் சூப்பர்பிளாஸ்டிசைசரின் (கான்கிரீட் கலவையை இளக்கும் சேர்பொருளின்) அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கூழ்மத்தில் உள்ள நீரையும் நீர்-சிமெண்டு விகிதத்தில் சேர்க்க வேண்டும். காட்மியம் சேர்ந்த எதையும் வகுப்பு ஆய்வகத்துக்குள் கொண்டுவர வேண்டாம். தங்கம், வெள்ளிக் கழிவுகளைத் தொட்டியில் ஊற்றாமல் பெயரிட்ட தனித்தனிக் குப்பிகளில் சேர்த்து வையுங்கள். வெள்ளிக் கழிவோடு அம்மோனியாவைக் கலந்து நாள்கணக்கில் வைக்கக் கூடாது; அதில் வெடிக்கும் தன்மையுள்ள படிவு உண்டாகும்.